பி ஃப்ளாட்டுக்கு மூன்றாம் விரல்

மேட்டுப்பாளையம் கடைசி நடை முடிந்து
குன்னூரில் வண்டியை விட்டுவிட்டு
டீசல் வாசம் போக இரண்டு முறை சோப்புப் போட்டு
மேல் குன்னூர் தேவாலயக் கூடத்துக்குப் போவேன்.
ஆபேல் சாவி தருவார். எதற்கென்று கேட்டதில்லை.
கேட்டிருந்தால் என்னிடம் பதில் இல்லை.

பியானோவின் வயிற்றுக்குள் நாற்பது வாட் பல்பு ஒன்று
இரவும் பகலும் எரியும், ஈரம் ஏறாமலிருக்க.
குஞ்சு பொரிக்கிற பெட்டி என்பார் ஆபேல்.

ஸி மேஜர் சுலபம் என்கிறது புத்தகம்.
கறுப்பே கிடையாது, எல்லாம் வெள்ளை.
இருபது வருஷம் மலையில் ஓட்டியவனிடம்
சமதரை சுலபம் என்று சொல்வது மாதிரி.
எனக்குத் தூக்கம் வருவதே
மலை இறங்கிய பிறகு வரும் நேர்ச்சாலையில்தான்.
வெள்ளையில் பிடிமானம் ஏது?
நடுவிரல் முடிந்ததும் கட்டைவிரல்
உள்ளங்கைக்கு அடியில் புகுந்து
நாலாவது கட்டையைத் தொட வேண்டும்,
மணிக்கட்டுக்குத் தெரியாமல்.
என் மணிக்கட்டுக்குத் தெரிந்துவிடுகிறது.
முழங்கை வெளியே வீசி
கொண்டை ஊசி வளைவில் பின்சக்கரம் போல
திட்டில் ஒரு இடி இடித்துவிட்டு வருகிறது.

ஐந்து கறுப்பும் வருகிற பி மேஜர் பார்க்கத்தான் பயம்.
நீள விரல்களுக்கு மேட்டில் இடம்,
கட்டைவிரலுக்குப் பள்ளத்தில்.
படிக்கட்டு மாதிரி ஏறிப் போகலாம்.

புத்தகம் ஸ்டூலுக்குள் கிடந்தது.
முதல் பக்கத்துப் பெயரைப் பூஞ்சை தின்றிருந்தது.
உள்ளே, அச்சடித்த எண்களுக்கு மேல்,
பென்சிலில் யாரோ.

எஃப் மேஜர், வலது கை.
ஒன்று இரண்டு மூன்று நான்கு என்கிறது அச்சு:
பி ஃப்ளாட்டில் மோதிரவிரல்.
பென்சில் அதை அடித்துவிட்டு
இரண்டு ஒன்று இரண்டு மூன்று என்கிறது.
ஆள்காட்டியில் தொடங்கி, மறுகணமே கட்டைவிரலை நுழைத்து,
நடுவிரலால் பி ஃப்ளாட்.

ஒரு வளைவு போதும் என்ற இடத்தில் இரண்டு.
யாரப்பா நீ?
கை சின்னதா? மோதிரவிரல் எங்காவது கதவிடுக்கில் நசுங்கியதா?
சித்திரை முழுக்க அவரோடு சண்டை.
அச்சடித்தவன் பக்கம்தான் நின்றேன்.

ஐப்பசியில் மழை பிடித்தது.
பர்லியாறுக்கு மேலே மண் சரிந்து
மூன்று நாள் பஸ் இல்லை, கரண்ட் இல்லை.
பல்பும் இல்லை.

நாலாம் நாள் போய் உட்கார்ந்தேன்.
மற்றதெல்லாம் இறங்கின.
நடுவில் ஒரு பி ஃப்ளாட் மட்டும்
ஊறிப் பருத்து, நகர மாட்டேன் என்றது.
மோதிரவிரலை வைத்து அழுத்தினேன்;
பக்கத்து விரல் துணையில்லாமல்
எழுந்து நிற்கக்கூடத் தெரியாத விரல் அது.
பிறகு நடுவிரலை வைத்தேன்.
இறங்கியது. சத்தமும் வந்தது.

ஆளில்லாத கூடத்தில் உரக்கச் சிரித்தேன்.
அந்த ஆள் கைக்காக எண் போடவில்லை.
இந்தப் பெட்டிக்குப் போட்டிருக்கிறார்.
இந்த ஊர் ஐப்பசிக்கு.

தையில் கோயம்புத்தூரில் பரீட்சை.
வராந்தா முழுக்க வெள்ளை சாக்ஸ் போட்ட பிள்ளைகள்.
"அங்கிள், உங்க பொண்ணு உள்ளே போயிட்டாளா?"
என்று கேட்டது ஒரு ஒன்பது வயசு.
"நான்தான் பாப்பா" என்றேன்.
அது தன் விரல்களை மடக்கிப் பார்த்துக்கொண்டு
கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தது.

உள்ளே ஏ.சி. பியானோ புதுசு, எலும்பு மாதிரி உலர்ந்தது.
எஃப் மேஜர் என்றார் அந்த அம்மாள்.
அச்சில் உள்ளபடிதான் வாசிப்பதாக இருந்தேன்.
கை கேட்கவில்லை. இரண்டு, ஒன்று, இரண்டு,
மூன்றாம் விரல் மழைக்காலத்து முழு பலத்தோடு
தடையே இல்லாத பி ஃப்ளாட்டில் விழுந்தது.
வளைவில் அடித்த ஹார்ன் மாதிரி
அறை முழுக்க அது ஒன்றுதான்.

அவர் நிமிர்ந்தார். என் விரல்களைப் பார்த்தார்.
எதையோ குறித்துக்கொண்டார், பென்சிலில்.
இப்போது இடது கை, என்றார்.

இடது கைக்கு
அந்த ஆள் ஒன்றும் எழுதி வைக்கவில்லை.