உப்புத் தண்ணி அரளி

முந்நூற்றறுபது அடிக்கு போர் போட்டோம்.
வந்தது தண்ணீர்தான் என்று
லாரிக்காரர் சத்தியம் செய்தார்.
துவரம்பருப்பு அதில்
விடிய விடியக் கிடந்தாலும் வேகாது.

முதலில் மல்லி வைத்தேன்.
இலையோரம் பீடிமுனை போலக் கருகி
ஆனியில் போய்ச் சேர்ந்தது.
ரோஜா, தொட்டியோடு நூற்றிருபது ரூபாய்,
பதினோரு நாள்.
செம்பருத்திக்கு மாவுப்பூச்சி.
அது மட்டும் தண்ணீரை
மன்னித்திருக்குமோ என்னவோ.

குடியாத்தம் ரோட்டு நர்சரியில் ஏகவள்ளி
செடியைப் பற்றிக் கேட்கவில்லை.
"பகல்ல வீட்ல ஆளு இருப்பீங்களா?"
ஏழேகாலுக்குக் கம்பெனி பஸ்.
பேரணாம்பட்டு திரும்ப இருட்டிவிடும்.
"அப்ப இத எடுத்துக்க."
ரோஸ் அரளி. ஒற்றைக் குச்சி. நாற்பது ரூபாய்.

விஷமாச்சே என்றாள் எதிர்வீட்டு நசீமா.
ஆமாம், விஷம்தான்.
ஐந்து வயது இளம்பரிதிக்கு
இரண்டு சட்டம் போட்டேன்:
வாயில் வைக்காதே.
குச்சியை ஒடித்து ஐஸ் விற்காதே.
நசீமாவின் ஆடு ஒருநாள் வந்தது,
முகர்ந்தது,
என்னை ஏற இறங்கப் பார்த்தது,
போய்விட்டது.
வேலிக்கு வைத்திருந்த காசில்
காஸ் வாங்கினேன்.

சித்திரையில் தசரதனுக்கு ஆபரேஷன்.
வேலூர் ஆஸ்பத்திரி வராந்தாவில்
பதினாறு நாள் பாய் விரித்தேன்.
வெயில் நூற்றெட்டு என்று
யாரோ செல்போனைப் பார்த்துச் சொன்னார்கள்.

திரும்பி வந்து கேட்டைத் திறந்தால்
துளசி வெறும் விறகு.
அரளி
கொத்துக் கொத்தாகப் பூத்து நிற்கிறது,
ஊரில் ஒன்றுமே நடக்காத மாதிரி.
எனக்குக் கோபம்தான் வந்தது.
ஒரு இலையாவது வாடியிருக்கக் கூடாதா?

ஒன்பது வருடமாக ஷூவுக்கு அப்பர் தைக்கிறேன்.
கட்டைவிரல் பட்டால் போதும்,
வயிற்றுத் தோலா முதுகுத் தோலா
சொல்லிவிடுவேன்.
பையை இறக்காமல் இலையைத் தடவினேன்.
முதுகு.
ஏற்றுமதி ரகம்.

இப்போது இவருக்கு உப்பு ஆகாது.
ஊறுகாய் ஜாடி பரண் ஏறிவிட்டது,
சுவரில் ஆர்.ஓ. மிஷின், மாதத் தவணை.
அது கழித்துவிடும் உப்பெல்லாம்
பச்சைக் குழாய் வழியே
செடியின் காலுக்குப் போகிறது.
நேற்று ஒரு கிளையை வெட்டிவிட்டேன்,
ஜன்னலை மறைக்கிறதென்று.
பால் வடிந்தது.
இரண்டு முறை சோப்புப் போட்டுக் கை கழுவி
உப்பில்லாத ரசத்தை
அடுப்பில் வைத்தேன்.