மேற்படி மூவரும் ஒருவரே

பாரத்தில் முதல் கட்டம்: குடும்பப் பெயர்.
என்னிடம் இருந்தது
ஒரு 'மா'வும் ஒரு புள்ளியும்.
புள்ளியை அழித்து
அப்பாவை முழுசாக எழுதினேன்.
மாதையன்.

பத்தாவது மார்க் ஷீட்டில் அவருக்கு ஒரு எச் உண்டு.
நர்சிங் கவுன்சில் பதிவில் எச் இல்லை.
பாஸ்போர்ட்டில் கடைசியில் ஒரு ஏ கூடுதல்,
ஏஜெண்ட் ஆபீஸ் பையன்
சாவியை ஊன்றி அழுத்திவிட்டான்.
டப்ளினிலிருந்து மெயில் வந்தது.
இந்த மூவரில் உங்கள் தகப்பனார் யார்?
மரியாதையாகத்தான் கேட்டிருந்தார்கள்.

மூன்று பேரும்
தர்மபுரி புளி மண்டியில்
ஒரே கொக்கியை ஒரே மூட்டையில் மாட்டி இழுப்பவர்கள்.
மூன்று பேருக்கும்
நாலாவது எலும்பு இடையில்தான் வலி.
எக்ஸ்ரே என் பீரோவில் இருக்கிறது.
அதை அனுப்பச் சொல்லிக் கட்டம் எதுவும் இல்லை.

கோர்ட்டுக்கு எதிரே
ஜெராக்ஸ் கடையை ஒட்டி நோட்டரி.
'மேற்படி மூவரும் ஒருவரே என உறுதி கூறுகிறேன்.'
பத்திரத்தோடு சேர்த்து அறுநூறு ரூபாய்.
அப்பா கைநாட்டு மாதிரி ஒரு கையெழுத்துப் போட்டார்.
பஸ்ஸில் வரும்போது சொன்னார்:
மூணு பேருன்னே விட்டிருக்கலாம்,
மண்டியில மூணு கூலி கேட்டிருப்பேன்.

ரோவெனா இலோய்லோவில் இருக்கிறாள்.
தம்மாமில் மூன்று வருஷம்
ஒரே வார்டு, ஒரே குக்கர்.
அப்பா கட்டிக் கொடுத்த கொட்டை எடுத்த புளியில்
அவள் மீனும் கீரையும் வேகவைப்பாள்.
சினிகாங் என்பாள்.
ரசத்துக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி என்பேன்.
இப்போது அவளுக்கும் அதே டப்ளின்,
அதே பாரம்,
அதே 'உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில்.'

அவளுக்குப் பெயர் அதிகம், அதுதான் தொல்லை.
கடைசிப் பெயர், விட்டுப் போன புருஷனுடையது.
அவர்கள் ஊரில் தாலியை அறுத்துக்கொள்ளச் சட்டம் இல்லையாம்.
செபுவில் இன்னொருத்தியோடு இருக்கிறவன்
இவள் பாஸ்போர்ட்டில் குடியிருக்கிறான்,
வாடகை தராமல்.
நடுப்பெயர் மட்டும் அம்மா பிறந்த வீட்டுப் பெயர்.
வீடியோவில் என் பாரத்தைக் காட்டினேன்.
உன் அம்மா எங்கே என்றாள்.

மேலே நகர்த்தினேன். கீழே நகர்த்தினேன்.
பதினோராம் பக்கத்தில் கிடைத்தாள்:
அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர்,
கெம்பம்மாள்.

தம்மாம் ஆஸ்பத்திரியை யாரோ வாங்கிப் பெயர் மாற்றிவிட்டார்கள்.
நாங்கள் வேலை பார்த்தோம் என்று சொல்ல வேண்டிய முகவரிக்கு
எழுதினால் திரும்பி வருகிறது.
அத்தனை ராத்திரிகள்,
அத்தனை ஊசி,
பாத்ரூமில் நின்று தின்ற அத்தனை பிஸ்கட்டும்
இப்போது எந்தக் கட்டிடத்தில் நடந்தவை?

நேற்று நைட் டூட்டி.
பாலக்கோட்டுப் பக்கம், கிணற்றுப் படியில் வழுக்கி
இடுப்பு முறிந்த ஒரு பெண்.
காப்பீட்டு அட்டையில் மாதம்மா.
ஆதாரில் மாதம்மாள்.
ஆள் வேறு, ஸ்கீமில் ஏறாது என்று
கவுன்டரில் பைலைத் திருப்பிவிட்டார்கள்.
புருஷன் இரண்டு அட்டையையும்
இரண்டு கையில் பிடித்துக்கொண்டு
கட்டிலுக்கும் கதவுக்கும் நடக்கிறான்.

ஒரு வெள்ளைத் தாள் எடுத்தேன்.
எனக்கு அந்த வாசகம் மனப்பாடம்.
'மேற்படி இருவரும் ஒருவரே.'
எனக்கு அதிகாரம் உண்டா, தெரியாது.
கீழே கையெழுத்து,
அதன் கீழே என் பதிவு எண்,
தமிழ்நாட்டில் மட்டும் செல்லுகிற எண்.
சீல் கேட்டான் கவுன்டர்காரன்.
வார்டு சீலைக் குத்தினேன், கொஞ்சம் சாய்ந்து விழுந்தது.
எடுத்துக்கொண்டான்.

ஏழரைக்கு டூட்டி முடிந்தது.
இலோய்லோவில் அப்போது பத்து மணி.
ரோவெனா கேட்டிருந்தாள்: மெயில் வந்ததா?
இல்லை என்று எழுதி அழித்தேன்.
புது வருஷத்துப் புளி வந்திருக்கிறது,
முகவரியை அனுப்பு,
உன் பெயரை
எப்படி எழுத வேண்டும் என்றும்.