நீர்மட்டம்

வீட்டுச் சுவருக்கும் பூபாலன் படையாச்சியின் மதிலுக்கும் நடுவே
ஒரு மீட்டர் இருபது.
லோடரின் வாளி மட்டும் ஒன்றேமுக்கால்
என்று பெகிதெம்பா நாடாவை இழுத்துக் காட்டிவிட்டு
டிராக்டரை அணைத்தான்.
மணிக்கு அறுநூறு ரேண்ட்.
அணைத்தாலும் ஓடுகிற கணக்கு.

சாட்ஸ்வர்த்தில் எந்தக் கொல்லைதான் சாயாமல் கிடக்கிறது?
குன்றைச் சீவி வரிசையாக எங்களை ஒட்டவைத்தவர்கள்
சமதளத்தைத் தங்களுக்கு வைத்துக்கொண்டார்கள்.
இங்கே கை நழுவிய எலுமிச்சை
கீழ்த்தெருவில் போய்த்தான் நிற்கும்.

எனக்கு வேண்டியதோ
நாலரை மீட்டரில் ஒரு வட்டம்.
இருபத்தொன்பது வருடம் ஆலையில் நின்றபடி
சட்டைக் காலருக்கு இஸ்திரி போட்ட முழங்கால்கள்
இனித் தண்ணீரில் நடக்கட்டும் என்றார் டாக்டர்.
ஆலையை மூடியபோது கொடுத்த பணத்துக்கு
மகன் கார் என்றான்
மருமகள் சமையலறை என்றாள்
நான் குளம் என்றேன்.
உனக்கு நீந்தத் தெரியுமா அம்மா?
தெரியாது.
நிற்கத் தெரியும்.

படையாச்சியோடு பேச்சு நின்று நாலு வருடம்.
உன் மழைத்தண்ணீர் என் அஸ்திவாரத்தில் இறங்குகிறது என்றார்.
என் தண்ணீர் நேராகக் கீழ்த்தெருவுக்குப் போகும்,
உங்கள் வீட்டு ஈரம் உங்கள் வீட்டு ஈரம் என்றேன்.
அதோடு சரி.
இன்று அவர் கேட்டில் நின்று
மூன்று மீட்டர் மதில் கேட்டேன்,
திரும்பக் கட்டித் தருவதாக.
ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார்.
சம்மட்டியோடு வந்தார்.
"இதை இடிக்க எனக்கும் ரொம்ப நாள் ஆசை, கோகி."
முதல் அடி அவருடையது.

லோடர் அவர் கொல்லை வழியே புகுந்தது,
கொத்தமல்லிப் பாத்தியில் ஒரு சக்கரம்.
"கன்சானே, கன்சானே" என்று முன்னால் நின்று
பையன் லிண்டோ கையசைக்க,
கொஞ்சம் கொஞ்சமாக
செம்மண் பிட்டுப்போல் உதிர்ந்தது.
தாழ்ந்த பக்கம் கொட்டி நிரப்பிவிடேன் என்றேன்.
பெகிதெம்பா தலையை ஆட்டினான்.
நிரப்பிய மண் ஒரு மழைக்கு உட்கார்ந்துவிடும் அம்மா,
பதினாறாயிரம் லிட்டரும் ஒரு பக்கம் சாயும்.
உயர்ந்த பக்கத்தைத்தான் வெட்ட வேண்டும்.

மட்டம் பார்க்க
கண்ணாடிபோல் ஒரு குழாய், பாதித் தண்ணீரோடு.
ஒரு முனையை என்னிடம் கொடுத்தான்.
மறுமுனைக்கு ஆள் வேண்டும்.
லிண்டோ இடிந்த கல்லை அடுக்கிக்கொண்டிருந்தான்.
படையாச்சி கை நீட்டினார்.

நான் வீட்டோரம். அவர் மதிலோரம்.
குழாயில் தண்ணீர் இரண்டு தரம் ஏறி இறங்கி
நின்றது.
என் பக்கம் மண்ணிலிருந்து எண்பது சென்டிமீட்டர்.
அவர் பக்கம் தொண்ணூற்றுமூன்று.
பெகிதெம்பா பென்சிலால் கட்டையில் எழுதினான்,
மற்றவர்க்குப் புரிவதுபோல் உரக்கச் சொல்லிக்கொண்டே.

எலுமிச்சை காட்டாத சாய்வு.
பதின்மூன்று சென்டிமீட்டர்,
எந்த மழைக்கும் போதும்.

நான் குழாயைப் பார்த்தேன்.
அவரும் குழாயைத்தான் பார்த்தார்.
நாலு வருடம் வாய்க்குள் வைத்திருந்த வாக்கியத்தை
இப்போது சொல்லியிருக்கலாம் அவர்.
கட்டைவிரலால் குழாயின் வாயை மூடி
கவனமாகத் தரையில் வைத்தார்.
கொத்தமல்லியைப் பார்க்கப் போய்விட்டார்.

வெட்டு முடிய மணி நாலாயிற்று.
பெகிதெம்பா வாளியை உயர்த்தி வண்டியைத் திருப்பும்போது
இன்னும் ஒரு மணி நேரம் என்றேன்.
மதிலோரம், என் பக்கமாக,
கீழ்த்தெருவரை ஒரு வாய்க்கால்.
எவ்வளவு ஆழம் என்றான்.
பதின்மூன்றைவிட அதிகம் என்றேன்.

அவர்கள் போனபின் செருப்பைக் கழற்றிவிட்டு
வட்டத்தின் நடுவில் நின்றேன்.
இரண்டு முழங்காலுக்கும் ஒரே பாரம்.
இந்த வீட்டில் இப்படி நின்றதில்லை.
இடிந்த மதிலுக்கு அப்பால்
அவர் வீட்டுச் சமையலறை விளக்கு எரிந்தது.
யாரோ பூண்டு தாளித்தார்கள்.
கல் வர வெள்ளிக்கிழமை ஆகும்,
அவசரமில்லை.