ஆயிரத்து நூறு மீட்டர்

என் வீட்டில் பிரிண்டர் கிடையாது.
ஆகவே கையால் எழுதினேன்:
கீழே கையொப்பமிடும் நான், அசெனோர் கெர்புரா,
பள்ளிக்கூடச் சமையற்காரி,
ஒரு மணி நேரம், ஒரு கிலோமீட்டருக்குள்,
தனியாக நடந்துவர
எனக்கு அனுமதி தருகிறேன்.
இப்படிக்கு, நானே.

தேதியும் நேரமும் மட்டும் பென்சிலில்.
தினமும் அழித்து எழுதினால்
ஒரே தாள் போதும் என்று கணக்கு.
நானூறு பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு எண்ணிப் போட்ட கை,
வீணாக்கத் தெரியாது.

பிரெஸ்ட் நகர வரைபடத்தை மேசையில் விரித்து
வீட்டின் மேல் காம்பஸ் முள்ளைக் குத்தி
வட்டம் போட்டேன்.
மூடிய சந்தை வந்தது, ரொட்டிக்கடை வந்தது,
மருந்துக்கடை இரண்டு, ஆஸ்பத்திரிச் சுவர்,
விளிம்பில் லாண்டரி.
கடல் வரவில்லை.
பென்சில் கோட்டுக்கும் கடலுக்கும் நடுவே
ஒரு நகத்தின் அகலம்.
முன்பெல்லாம் அந்தக் கடலைப் பார்க்கவே போனதில்லை,
அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஐந்தரைக்கு லாண்டரி முனையில் திரும்புவேன்.
அதே நேரம் எதிர் நடைபாதையில் ஒருத்தி.
மஞ்சள் மழைக்கோட்டு.
சமையலறைத் துணியை வெட்டித் தைத்த முகக்கவசம்,
சேவல் படம் போட்டது.
அவளுக்கும் அதுதான் எல்லை, வட்டம் வேறு.
துறைமுகப் பக்கம் வீடாம்.
இரண்டு வட்டமும் உரசுகிற இடத்தில்
ஒரு லாண்டரி, பஸ் வராத பஸ் நிறுத்தம்,
யாரும் தண்ணீர் ஊற்றாத தொட்டிச்செடி.
நடுவே நாலு கார் அகலத்துக்குத் தெரு.

"கடல் எப்படி?" என்று கத்தினேன் மூன்றாம் நாள்.
"ஏறுது!" என்றாள்.
மறுநாள், "சாம்பல்!"
அதற்கும் மறுநாள், "கப்பலே இல்லை! ஒரு நீர்க்காகம் மட்டும்
இறக்கையை விரிச்சுக் காயவெச்சிட்டு நிக்குது!"
பெயர் கேட்கத் தோன்றவில்லை.
கத்திக் கேட்கிற விஷயமா பெயர்.

மேல்மாடி எர்வெ தினமும் எட்டு மணிக்கு
நர்சுகளுக்காக வாணலியைத் தட்டுவார்.
குப்பைத்தொட்டித் தகராறில்
ஆறு வருஷமாக என்னோடு பேசாதவர்.
அவர் வாணலிக்கு என் மூடி தாளம் போட்டது.
எட்டு ஐந்துக்கு இருவரும் சன்னலைச் சாத்திக்கொண்டோம்,
பேசாமல்.

ஏப்ரலில் போலீஸ்காரன் நிறுத்தினான். சின்னப் பையன்.
தாளை வெளிச்சத்தில் பிடித்தான்.
அழித்து அழித்து
நேரம் இருந்த இடத்தில் ஓட்டை.
ஓட்டை வழியே அவன் கண் என்னைப் பார்த்தது.
"மேடம், இதில் மணி என்ன?"
எனக்குத் தெரியவில்லை.
அவனுக்கும் தெரியாதென்றே நினைக்கிறேன்.
"பேனாவால் எழுதுங்கள்" என்று அனுப்பிவிட்டான்.

அன்று தாமதம். அவள் போய்விட்டிருந்தாள்.
லாண்டரி சன்னல் விளிம்பில் ஒரு ரொட்டிப் பை.
உள்ளே கையளவு கடற்பாசி, ஈரம் காயாமல்,
குட்டிச் சிப்பி இரண்டு ஒட்டிக்கொண்டு.
வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.
பால் பெட்டியைக் கழுவிய நாட்கள் அவை,
சாவியைக் கழுவினோம், கதவுக் குமிழைக் கழுவினோம்.
கை தன்பாட்டில் சோப்பை எடுத்தது.
தேய்த்து, அலசி, வடிதட்டில் போட்ட பிறகு
முகர்ந்து பார்த்தேன்.
எலுமிச்சை.

மறுநாள் "நன்றி!" என்று மட்டும் கத்தினேன்.

மே மாதம் கோட்டை அழித்தார்கள்.
நடந்து போய்க் கடலைப் பார்த்தேன்.
இருந்தது.
ஐந்தரைக்கு லாண்டரி முனைக்குத் திரும்பினால்
எதிர் நடைபாதையில் ஊரே இருந்தது,
அவள் இல்லை. பஸ் வந்தது.

அக்டோபர். சந்தையில் மீன் வரிசை.
எல்லோர் முகத்திலும் ஒரே நீலக் கவசம்.
முன்னால் ஒரு மஞ்சள் கோட்டு.
இந்த ஊரில் பாதிப் பேருக்கு மஞ்சள் கோட்டு.
இரண்டு மீட்டர்தான் தூரம்.
இவ்வளவு பக்கத்தில் அவள் குரல் எப்படி இருக்குமென்று
எனக்குத் தெரியாது.
ஆகவே கத்தினேன்:
"கடல் எப்படி?"

வரிசை முழுதும் திரும்பிப் பார்த்தது.
தராசுக்குப் பின்னாலிருந்து மீன்காரர்,
வெட்டுகிற கையை நிறுத்தாமல்,
"இறங்குது" என்றார்.
மஞ்சள் கோட்டு திரும்பவில்லை.
தோள் மட்டும் குலுங்கிற்று.