கள்ளன் போன பிறகு

டிக்கோயா ஆஸ்பத்திரி, ஆறாம் வாட்டு.
வெளியே மழை இல்லை, பனிமூட்டம்தான்.
ஆனாலும் உன் நெஞ்சுக்குள்
தண்ணீர் ஏறும் சத்தம்.

இன்று பத்தாம் நாள்.
காய்ச்சல் விட்டதென்று
ஐந்தாம் நாள் கஞ்சி வைத்தேன்.
கருவாடு இல்லையா என்று கேட்டாய்.

டொக்டர் விதானகே
தமிழைத் தேடித் தேடிப் பேசுகிறார்:
"கிருமி இப்ப கொஞ்சம்தான் அம்மா.
மிச்சம் எல்லாம் செய்யிறது இவர்ட உடம்பு.
சண்டைய நிப்பாட்டத் தெரியல்ல அதுக்கு."

எனக்கு விளங்காதென்று
துண்டுச் சீட்டின் பின்புறம்
திராட்சைக் குலை மாதிரி ஏதோ வரைந்தார்.
படம் விளங்கவில்லை.
சொன்னது விளங்கியது.
அந்த இரவு நானும் லயத்தில் இருந்தவள்தானே.

காஸ் சிலிண்டர் கள்ளன்.
யாரோ கத்தினார்கள், ஒரே ஒரு குரல்.
அது பத்தை எழுப்ப, பத்து நூறை எழுப்ப,
கவ்வாத்துக் கத்தி, மண்வெட்டிப் பிடி, விறகுக் கட்டை
காம்பரா காம்பராவாய் வெளியே வந்தன.
கள்ளன் எப்போதோ ஆற்றைத் தாண்டிவிட்டான்.
இருட்டு மட்டும் அங்கேயே நின்றது.

ஃபெக்டரியில் ராத்திரி வேலை முடித்து
குறுக்குப் பாதையில் வந்த மரியசூசையை
அடித்தோம்.
எவன் காலோ பட்டுப் பீலி உடைந்து
வாசலெல்லாம் தண்ணீர்.
அந்தத் தண்ணீரில் வழுக்கி விழுந்தவனையும்
கள்ளன் என்றே அடித்தோம்.

முதல் அடி உன்னுடையது.
விழித்திருக்கையில் நீ சொன்னதில்லை.

இப்போது ஏற்றுகிற ஊசி
உன் காவலை அடக்குமாம்.
"முதல் நாளே போட்டிருக்கலாமே டொக்டர்?"
"கூடாது அம்மா. அப்ப கள்ளன் உள்ள."
நான் சொன்ன கதையைப் பிடித்துக்கொண்டார் மனிதர்.
காவல் அடங்கிக் கிடக்கையில்
வேறொருவன் நுழையவும் கூடும்;
அதையும் மறைக்கவில்லை.

அன்றைக்கு நம்மை நிறுத்தியது யார்?
தலைவரும் இல்லை, பொலிசும் இல்லை.
தொங்கல் வீட்டு சிவனம்மா
பிள்ளைக்குப் பால் கரைக்க எழுந்தவள்
லைட்டைப் போட்டாள்.
மரியசூசையின் முகம் தெரிந்தது.
கைகள் தாமாகவே இறங்கின.

மருந்தே, நீ அடக்கவும் வேண்டாம்,
கொஞ்சம் வெளிச்சம் போடு உள்ளே.
யாரை அடிக்கிறோம் என்று பார்க்கட்டும்.

பெட்டியில் எண்பத்தெட்டு.
எண்பத்தொன்பது.
திரும்பவும் எண்பத்தெட்டு.

கீழே ஆட்டோவுக்குள்
கோணல் கையைத் தலைக்கு வைத்து
மரியசூசை தூங்குகிறான்.
உன்னைக் கொண்டுவந்தது அவன்தான்.
வீட்டுக்குப் போகச் சொன்னேன்.
"எண்ணெய் இல்ல" என்கிறான்.
பொய்.