அறுநூற்றுப் பத்து எட்டு

கடையடைத்து ஒன்பதரை.
விளக்குத்தூணிலிருந்து கீழவாசல் பஸ் நிறுத்தத்துக்கு
அறுநூற்றுப் பத்து எட்டு.
போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போனால்
ஆயிரத்துக்குக் கிட்ட.

இருபத்தெட்டு நாள் பேக்
பதினேழாம் நாளே மூச்சை விட்டுவிடும்.
அதற்கப்புறம் இந்தச் சந்துகளில்
நான் பார்ப்பது வீடுகளை இல்லை,
வீடுகள் கசியவிடுவதை.

கதவு எண் கேட்டால் தெரியாது.
'ராமியா டையிங் மேல்மாடி' தெரியும்.
'பவுலின் டீச்சர்' தெரியும்,
டியூஷன் பிள்ளைகள் போனபின்
இரண்டு கோடு கூடும்.
பெயர் சூட்ட ஆளில்லாமல்
கம்பெனி கொடுத்த எண்ணும் எழுத்துமாய்
ஏழெட்டு கிடக்கும்.
'எட்டிப் பாக்காதே' என்று ஒன்று.
எட்டித்தான் பார்ப்பேன்.
எல்லாவற்றின் ஓரத்திலும் குட்டியாய் ஒரு பூட்டு.
திண்டுக்கல்லில்கூட
இத்தனை செய்திருக்க மாட்டார்கள்.

திறந்து கிடப்பதை மட்டும்தான் எடுப்பேன்
என்று ஜெபமாலையிடம் சொல்லியிருக்கிறேன்.
அது பொய்.
ஒன்று முதல் எட்டு வரை வரிசையாகப் போட்டிருக்கிறேன்.
கடைப் பெயர், குலசாமி பெயர்,
கல்லாவுக்குப் பின்னால் மாட்டிய படத்துக்காரர் பெயர்.
ஒரு டயர் கடை
பாண்டி ஒன்று இரண்டு மூன்றுக்குத் திறந்தது.
அன்றைக்கு
வரவு செலவுக் கணக்கு வகுப்பு இரண்டைப் பார்த்தேன்,
தேய்மானம் வரைக்கும்.

வழியே இல்லை என்றாலும்
நெல்பேட்டை சுற்றித்தான் வருவேன் அப்போதெல்லாம்.
முட்டைக்கடைக்குப் பின்னால்
சாக்கடை மூடிக்கும் மின்கம்பத்துக்கும் நடுவில்
ஒன்றரை அடி இடம்.
அங்கே மட்டும் 'பட்டாணி ஸ்டோர்ஸ்' பூட்டில்லாமல் வரும்.
லாரி குறுக்கே நின்றால் அறுந்துபோகும்.
எனக்கு முன்னாலேயே இருவர் நிற்பார்கள்.
பார்சல் பையன் ஒருத்தன்,
நகைப்பட்டறையில் வேலை செய்யும் வங்காளி ஒருத்தர்.
அவர் தன் குழந்தைக்கு
முட்டைத் தட்டுகளைக் காட்டுவார்,
படுத்திருக்கும் மாட்டைக் காட்டுவார்.
ஒருநாள் என்னைக் காட்டினார்.
கையசைத்தேன்.
அது வீறிட்டு அழுதது.

ஆடி மாதம் பாதியில் ஒரு ராத்திரி
பெயர் மாறியிருந்தது:
'தம்பிகளா ஈபி பில் யாரு கட்றது'.
பக்கத்தில் பூட்டு.
பையன் சிரித்துவிட்டான்.
நான் தம்பி இல்லையே என்று
இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தேன்.
வங்காளி என் போனை எட்டிப் பார்த்து
என்ன எழுதியிருக்கிறது என்றார் சைகையில்.
எப்படிச் சொல்ல.
உள்ளங்கையை விரித்துத் திருப்பிக் காட்டினேன்.
அதற்குப் பிறகு அவரைப் பார்க்கவில்லை.

ஒன்றாம் தேதி சம்பளம்.
முதல் வேலையாகப் பேக் போட்டேன்.
கடையை விட்டு இறங்கும்போது
என்ன தோன்றியதோ,
என் போனை நானே திறந்துவைத்தேன், பூட்டில்லாமல்.
சொந்தப் பெயர் போடப் பயம்.
'முட்டைக்கடை' என்று வைத்தேன்.

இருநூறாவது எட்டில் போன் அதிர்ந்தது.
இணைந்திருப்பவர்: ஒன்று.

திரும்பிப் பார்த்தேன்.
இறக்கிய ஷட்டர்கள்.
கால் நீட்டித் தூங்கும் ஆட்டோக்காரர்.
மாடிப்படியில் நீல வெளிச்சம் ஒன்று,
அதற்கு முகம் இருந்ததா தெரியவில்லை.
எனக்குப் பின்னால் செருப்புச் சத்தம் ஒன்று
நின்று, வந்து, நின்றது.
பயந்திருக்க வேண்டும்.
பயந்தேன்தான்.
ஆனாலும் கால் மெதுவானது தானாக,
மாசி வீதி முக்குத் திரும்பும் தேர்போல,
கட்டை போட்டுப் போட்டு.
அறுந்துவிடக் கூடாதே என்று
வளையல் கடை வாசலில்
இல்லாத விலை பார்த்து நின்றேன்.

அவனியாபுரம் பஸ் ஒன்று போனது.
விட்டேன்.
அடுத்ததில் ஏறி உட்கார்ந்து
தெப்பக்குளத்து ரோடு தாண்டும் முன்
ஒன்று, சைபர் ஆகிவிட்டது.

நூற்றி நாற்பது எம்பி போயிருக்கிறது.
நூற்றி நாற்பதில் என்ன முடியும்.
எதையோ பாதியில் விட்டிருப்பாள்.