சிம்னி இல்லாத படம்

கத்திரி தொடங்கி ஒன்பதாம் நாள்.
விடிகாலை முகூர்த்தம் முடித்துத்
தண்டையார்பேட்டை மண்டபத்திலிருந்து
பந்திக்கு நிற்காமல் கிளம்பிவிட்டேன்.
கேமராப் பட்டையில் ஒட்டிய அட்சதை ஒன்று
எண்ணூர் வரை கூடவே வந்தது.

கழிமுகத்தில் தண்ணீர் வற்றிக் கிடந்தது.
சாம்பல் படிந்த சேற்றில்
நெடுங்கால் உள்ளான் ஒன்று
இரவல் வாங்கிய கால்களை
அழுக்காக்காமல் திருப்பித் தர வேண்டும் என்பதுபோல் நடந்தது.
"கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க" என்றேன்,
வாய்ப்பழக்கம்.
திரும்பவில்லை.
பதினோரு வருஷத்தில்
என் பேச்சைக் கேட்காத முதல் மாப்பிள்ளை.

படகைத் தள்ளிக்கொண்டே தேசப்பன் கேட்டார்:
"இன்னாமே, இதுக்குப் போயி யாரு துட்டு குடுப்பா?"
"யாரும் இல்லண்ணா."
"அப்ப நல்லா வரும்."

பத்து மணிக்குக் கரையேறி
நிலக்கரி ரயில் பாதை ஓரமாக நடந்தேன்.
ஜல்லிக்கு நடுவே நான்கு ஜல்லி
கொஞ்சம் அதிகமாக உருண்டையாக இருந்தன.
கால் வைத்திருப்பேன்.
அதற்குள் அலறிக்கொண்டு தலைக்கு மேல் வந்தது
ஆள்காட்டி.

தள்ளிப்போய்க் குனிந்து உட்கார்ந்தேன்.
எங்கேயோ வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து
முட்டைகள்மேல் அது நின்றது.
உட்காரவில்லை, நின்றது.
அடைகாப்பது என்றால் சூடு கொடுப்பது
என்றுதான் நினைத்திருந்தேன்.
இந்த வெயிலில் அது
நிழல் கொடுப்பது.

பறவை தன் பெயருக்குத் தப்பாமல்
என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது.
விசில் ஊதிக்கொண்டு காவலாளி வந்தார்.
சட்டைப் பட்டையில் ஜெனா என்று இருந்தது.
"போட்டோ மனா. சிம்னி இருக்குற போட்டோ எல்லாம் டெலிட்."

ஒவ்வொன்றாகக் காட்டினேன்.
கூழைக்கடா இறங்குகிறது, இறக்கைக்குப் பின்னால் சிம்னி.
மடவை துள்ளுகிறது, அலையில் தலைகீழாகச் சிம்னி.
நண்டு தன் பெரிய கொடுக்கைத் தூக்கிக்கொண்டு
சிம்னியோடு உயரம் பார்க்கிறது.
ஆலாவின் அலகில்
பிடித்த மீன்போலச் சிம்னி.
அழித்தேன். அழித்தேன்.

போன ஞாயிறு பழவேற்காடு போனதும் அதிலேயே இருந்தது.
இருநூறு பூநாரைகள், வெட்கப்பட்ட மேகம்போல.
அவரே பெரிதாக்கிப் பார்த்தார்.
தெற்கு மூலையில், நூல் அளவுக்கு.
"ஸாரி மேடம்" என்றார். நிஜமாகவே வருத்தம்தான்.

மிச்சம் இருந்தவை திருவொற்றியூர் வீட்டுப் படங்கள்:
குடத்து விளிம்பில் தண்ணீர் குடிக்கும் குளவி,
மாடிக் கொடியில் கிளிப்புக்கும் கிளிப்புக்கும் நடுவே
கிளிப்பாகிவிட்ட தும்பி,
கெட்டுப்போன ஏசிப் பெட்டிக்குள் அணில் குட்டிகள்,
பக்கத்து வீட்டு பிரஷ்ஷின் நார் அவற்றுக்கு மெத்தை.
அணிலில் ரொம்ப நேரம் நின்றார்.
"எங்க ஊர்லயும் இதான்.
ரெண்டு வருஷம் ஆச்சு பாத்து."
என்ன பதில் சொல்ல?
கல்யாணங்களில்தான் எனக்குப் பேச்சு வரும்.

கடைசிப் படம் முட்டைகள்.
குனிந்து எடுத்ததால் வானமே இல்லை.
"இது ஓகே" என்றவர் கடிகாரத்தைப் பார்த்தார்.
"இருங்க."

ஜல்லியின்மேல் கறுப்பாக ஒன்று நகர்ந்து வந்தது.
மேகம் இல்லை, ஓரம் நேராக இருந்தது.
தண்டவாளத்தைத் தாண்டி
முட்டைகள்மேல் ஏறி
நின்றதுபோல் நகர்ந்தது.
ஆள்காட்டி ஒருமுறை தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு
ஓடைக்குப் பறந்து போனது.
குடித்தது, நனைந்தது,
ஒரு காலை நீட்டிச் சோம்பல் முறித்தது.

"டெய்லி இந்த டைம். கால் மணி நேரம்" என்றார் ஜெனா.

நிழலும் சிம்னியில் சேருமா
என்று நான் கேட்கவில்லை.
அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு
கடல் பக்கம் திரும்பி நின்றார்.
சாயங்காலம் கொருக்குப்பேட்டையில் ரிசப்ஷன்.
பேட்டரியில் ஒரு கோடுதான் மிச்சம்.

எடுத்தேன்.